துருப்பிடிக்காத எஃகு கிரில் கம்பித்தட்டு

துருப்பிடிக்காத எஃகு கிரில் கம்பித்தட்டு என்பது கரி, விறகு, எரிவாயு ஆகியவற்றால் எரியும் கிரில் அடுப்பில் நெருப்புக்கு மேலே வைக்கப்பட்டு, இறைச்சி, மீன், காய்கறி, பன்னீர் போன்றவற்றைத் தாங்கி நிற்கும் கம்பி வரிசை ஆகும். கிரில் கம்பி, கிரில் வலை என்றும் இது அழைக்கப்படுகிறது. துருப்பிடிக்காத எஃகு, எவர்சில்வர் என்ற பெயரில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு நன்கு அறிமுகமான உலோகமே. ஆனால் தண்ணீர்க் குடத்துக்கும் சாப்பாட்டுத் தட்டுக்கும் வராத சோதனைகள் கிரில் கம்பிக்கு வருகின்றன. ஒரே மாலையில் அது 300 பாகை செல்சியஸ் வரையும் அதற்கு மேலும் சூடாகிறது. உப்பும் எலுமிச்சைச் சாறும் தயிரும் கலந்த மசாலா அதன் மேல் சொட்டிக் கருகுகிறது. பிறகு பல வீடுகளில் மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ மழைக்கும் பனிக்கும் அப்படியே விடப்படுகிறது. இந்த நிலையில் "துருப்பிடிக்காத" என்ற அடைமொழி சில நிபந்தனைகளுக்கு உட்பட்டே உண்மையாகிறது. அந்த நிபந்தனைகள் எவை என்று தெரிந்தால், கம்பித்தட்டை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும், தேய்க்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிடும்.

துருப்பிடிக்காமை எங்கிருந்து வருகிறது

சாதாரண இரும்பு ஈரக் காற்றில் துருவாகிறது. அந்தத் துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, அடியில் உள்ள புதிய இரும்பைக் காற்றுக்குத் திறந்துவிடுவதால் அரிப்பு நிற்காமல் உள்ளே செல்கிறது. இரும்புடன் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் கலந்தால் நிலைமை மாறுகிறது. மேற்பரப்பில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிசனுடன் சேர்ந்து, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஒரு படலத்தை உருவாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குரோமியம் ஆக்சைடுப் படலம் உலோகத்தை இறுகப் பற்றிக்கொண்டு, ஆக்சிசனும் நீரும் உள்ளே புகாமல் தடுக்கிறது. கீறல் விழுந்தாலும், அந்த இடம் சுத்தமாகவும் காற்றுப் படும்படியும் இருந்தால் படலம் தானே மீண்டும் உருவாகும். இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி 1913ஆம் ஆண்டில் உருக்கிய, ஏறத்தாழ 13 விழுக்காடு குரோமியம் கொண்ட எஃகு இந்த வகையின் தொடக்கங்களில் ஒன்றாகக் கருதப்படுகிறது. அது முதலில் புகழ்பெற்றதும் சாப்பாட்டுக் கத்திகள் வழியாகத்தான்.

படலம் தன்னைத் தானே சரிசெய்துகொள்ள வேண்டுமானால் அதற்குக் காற்று வேண்டும். கருகிய கொழுப்பு தடிமனாகப் படிந்திருக்கும் இடத்தில் காற்று படுவதில்லை. அந்தப் படிவுக்கு அடியில் உப்பும் ஈரமும் தங்கினால், உப்பிலுள்ள குளோரைடு படலத்தை ஊசி முனை அளவுக்குத் துளைத்து உள்ளே குழி பறிக்கத் தொடங்கும். எனவே அழுக்கேறிய எவர்சில்வர் கம்பி அழகு குறைந்த கம்பி மட்டுமன்று. பாதுகாப்பு இழந்த கம்பியும் ஆகும். வார்ப்பிரும்புத் தோசைக்கல்லில் பழைய எண்ணெய்ப் பதம் நன்மை செய்யும் என்பதை வைத்து, கிரில் கம்பியையும் கழுவாமல் விடுவது நல்லது என்று நினைப்போர் உண்டு. இரண்டும் வேறு வேறு உலோகங்கள். தோசைக்கல் எண்ணெய்ப் படலத்தால் காக்கப்படுகிறது. எவர்சில்வர் காற்றால் காக்கப்படுகிறது.

தர எண்கள்

கடைகளிலும் பெட்டிகளிலும் காணப்படும் 201, 304, 316, 430 போன்ற எண்கள் எஃகின் கலவையைக் குறிப்பவை. 304 தரத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உள்ளன. பாத்திரங்களின் அடியில் 18/8 என்று பொறிக்கப்படுவது இந்த விகிதத்தையே. கிரில் கம்பிக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவது இதுவே. வெப்பத்தைத் தாங்கும், அரிப்பை எதிர்க்கும், பற்றவைப்பதற்கும் எளிது.

430 தரத்தில் குரோமியம் 16 முதல் 18 விழுக்காடு வரை இருந்தாலும் நிக்கல் சேர்க்கப்படுவதில்லை. 18/0 என்ற குறியீடு இந்த வகையைச் சுட்டும். விலை குறைவு. உலர்ந்த ஊர்களில், கூரைக்கு அடியில் வைத்துப் பயன்படுத்தினால் பல ஆண்டுகள் உழைக்கும். மழையில் நனைய விட்டால் 304ஐ விட முன்னதாகப் புள்ளித் துரு காட்டும். 201 தரத்தில் விலை உயர்ந்த நிக்கலின் ஒரு பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. இந்தியச் சந்தையில் இந்த 200 வரிசை எஃகு மிகுதியாகப் புழங்குகிறது. புதிதாக இருக்கும்போது 304க்கும் இதற்கும் கண்ணால் வேறுபாடு காண முடியாது. உப்பும் ஈரமும் சேர்ந்து தாக்கும் இடத்தில்தான் வேறுபாடு தெரியவரும்.

316 தரத்தில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் கூடுதலாக உள்ளது. அது குளோரைடால் ஏற்படும் குழியரிப்பை எதிர்க்கிறது. கப்பல், படகுக் கருவிகளில் இது பயன்படுவதன் காரணம் அதுவே. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் வீட்டுக்கு இந்தச் செலவு தேவையில்லை. சென்னையின் கடற்கரையை ஒட்டிய பகுதிகள், தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற இடங்களில் அடுப்பு வெளியிலேயே நிற்குமானால் 316ஐப் பற்றி யோசிப்பதில் பொருள் உண்டு. ஆனால் ஒரு மலிவான தார்ப்பாய் உறையும், பயன்படுத்திய பிறகு கம்பியை வீட்டுக்குள் எடுத்துவைக்கும் பழக்கமும் பெரும்பாலும் அதே பலனைத் தந்துவிடும்.

காந்தம் சொல்வதும் சொல்லாததும்

"காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர்" என்பது பாத்திரக் கடைகளில் நெடுங்காலமாகச் சொல்லப்படும் விதி. இதில் பாதி உண்மை இருக்கிறது. 430 தரத்தில் காந்தம் வலுவாக ஒட்டும். 304இல் பெரும்பாலும் ஒட்டாது. ஆனால் மாங்கனீசு சேர்ந்த 201இலும் காந்தம் ஒட்டாது. ஆகவே 304 என்று சொல்லி 201 விற்கப்படும்போது காந்தச் சோதனை வாங்குபவருக்கு எந்த உதவியும் செய்யாது. மாறாக, தவறான நம்பிக்கையைத் தந்துவிடும். இன்னொரு பக்கம், உண்மையான 304 கம்பியும் குளிர்ந்த நிலையில் இழுத்து வளைக்கப்பட்ட இடங்களில் காந்தத்தை இலேசாக ஈர்ப்பதுண்டு. அந்த இலேசான ஈர்ப்பை வைத்து அதைப் போலி என்று ஒதுக்குவதும் சரியன்று.

201ஐயும் 304ஐயும் பிரித்தறியச் சொட்டு மருந்து போன்ற வேதிக் கரைசல்கள் உலோக வணிகத்தில் பயன்படுகின்றன. கரைசலை மேற்பரப்பில் வைத்துச் சிறு மின்கலத்தால் மின்னோட்டம் செலுத்தினால், மாங்கனீசு மிகுந்த எஃகில் நிறம் வேறாகத் தெரியும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் சிலரிடம் இது இருக்கும். அது கிடைக்காதபோது, தர எண்ணை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்வதே வாங்குபவர் செய்யக்கூடிய எளிய காரியம். வாய்ச்சொல்லாக 304 என்று சொல்பவர் எழுதித் தரத் தயங்கினால், அந்தத் தயக்கமே ஒரு தகவல்.

தடிமன், எடை, இடைவெளி

தரத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது கம்பியின் தடிமன். துருப்பிடிக்காத எஃகு வெப்பத்தை மெதுவாகவே கடத்தும் உலோகம். அதன் வெப்பக் கடத்துதிறன் வார்ப்பிரும்பினுடையதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதனால் மெல்லிய கம்பியின் மேல் குளிர்ந்த கோழித் துண்டை வைத்தவுடன், அந்த இடத்தில் கம்பி குளிர்ந்துவிடும். மீண்டும் சூடேற நேரமாகும். இறைச்சி வாட்டப்படுவதற்குப் பதில் ஒட்டிக்கொள்ளும். தடித்த கம்பி கூடுதல் வெப்பத்தைச் சேர்த்துவைத்திருப்பதால் இந்தக் குறை குறைகிறது.

இதை எடையால் அறியலாம். 8 மி.மீ. விட்டமுள்ள திண்மக் கம்பி ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிராம் எடை இருக்கும். 4 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 100 கிராம்தான். விட்டம் பாதியானால் எடை நான்கில் ஒரு பங்காகிறது. அரை மீட்டர் நீளமுள்ள 25 கம்பிகளைக் கொண்ட தட்டு, 8 மி.மீ. கம்பியால் ஆனதானால் 5 கிலோவுக்குக் குறையாது; 4 மி.மீ. ஆனால் ஒன்றேகால் கிலோதான். தடித்த கம்பி போலத் தெரிந்து, கையில் எடுத்தால் இலேசாக இருக்கும் தட்டு உள்ளே குழாயாக இருக்கக்கூடும். குழாய்க் கம்பியின் முனைகள் சரியாக அடைக்கப்படாவிட்டால் உள்ளே நீரும் கொழுப்பும் புகுந்து, வெளியே தெரியாமல் அரிக்கும். வீட்டு அடுப்புக்கு 6 முதல் 8 மி.மீ. வரையிலான திண்மக் கம்பி போதுமானது. அதற்கு மேல் தடித்தால் சூடேறுவதற்கே எரிவாயு வீணாகும்.

கம்பிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பது எதைச் சுடுகிறோம் என்பதைப் பொறுத்தது. 10 மி.மீ. இடைவெளி கோழி, ஆட்டிறைச்சி, மக்காச்சோளம் ஆகியவற்றுக்கு ஏற்றது. இறால், வெங்காயத் துண்டு, சிறு மீன் ஆகியவை அதில் நழுவி நெருப்பில் விழும். அதற்காகத் தட்டையே மாற்ற வேண்டியதில்லை. மேலே வைக்கும் சிறு துளைத் தட்டோ, குறுக்கே அடுக்கிய கம்பிக் குச்சிகளோ போதும்.

பழைய தட்டுக்குப் பதிலாகப் புதியதை வாங்கும்போது, பழைய தட்டை அல்லாமல் அடுப்பின் உள்விளிம்பை அளப்பது நல்லது. பழையது வளைந்திருக்கக்கூடும். 304 எஃகு வெப்பத்தில் நன்றாகவே விரியும். அரை மீட்டர் நீளக் கம்பி 300 பாகை கூடுதலாகச் சூடானால் இரண்டரை மி.மீ. நீளும். அடுப்பின் உள்ளளவுக்கு மிகச் சரியாக வெட்டிய தட்டு, சூட்டில் இடம் கிடைக்காமல் நடுவில் மேடேறி நிற்பதன் காரணம் இதுதான். பக்கத்துக்குச் சில மி.மீ. விட்டு வாங்க வேண்டும். பற்றவைப்புப் புள்ளிகளையும் விரலால் தடவிப் பார்க்கலாம். துரு பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்கும். பற்றவைப்பின் சூட்டில் கறுத்த இடம் சுத்தம் செய்யப்படாமல், சொரசொரப்பாகவும் பிளவுகளோடும் விடப்பட்டிருந்தால் அங்கே அழுக்கும் உப்பும் தங்கும்.

பயன்படுத்தக் கூடாத வலைகள்

எவர்சில்வர் கம்பித்தட்டுக்கு மாற்றாக வார்ப்பிரும்பு, பீங்கான் பூச்சிட்ட எஃகு, குரோமியம் முலாம் பூசிய கம்பி ஆகியவையும் கிடைக்கின்றன. வார்ப்பிரும்பு வெப்பத்தை நன்கு தேக்கி அழகான சூட்டுக் கோடுகளைத் தரும். எண்ணெய் தடவிப் பேணாவிட்டால் சில நாள்களிலேயே துருவேறும். பீங்கான் பூச்சு ஒட்டாது, கழுவ எளிது. ஆனால் ஒரு முறை தெறித்துவிட்டால் சரிசெய்ய முடியாது. முலாம் பூசிய மெல்லிய கம்பி மலிவு. முலாம் உரிந்ததும் மாற்றிவிட வேண்டும்.

இவற்றைப் பற்றி விருப்பம்போல முடிவு செய்யலாம். பின்வரும் இரண்டு பொருள்களைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வேலி, கோழிக்கூண்டு ஆகியவற்றுக்கு விற்கப்படும் கால்வனைசு செய்த கம்பி வலையில் துத்தநாகம் பூசப்பட்டுள்ளது. எலுமிச்சை, புளி, தயிர் சேர்ந்த மசாலாவில் துத்தநாகம் கரையும். அது 420 பாகைக்குச் சற்றுக் கீழேயே உருகத் தொடங்கும். கரி அடுப்பில் அந்த வெப்பம் எளிதில் எட்டக்கூடியது. மிகுந்த சூட்டில் எழும் துத்தநாகப் புகையை உள்ளிழுத்தால் காய்ச்சலும் குளிரும் வரும் என்பது பற்றவைப்புத் தொழிலாளர்கள் நன்கறிந்த தொல்லை. மற்றொன்று, பழைய குளிர்பதனப் பெட்டியின் கம்பித் தட்டு. அவற்றில் சிலவற்றுக்குக் காட்மியம் பூசப்பட்டிருக்கக்கூடும். காட்மியம் நஞ்சு; சூடாகும்போது புகையாகவும் உணவிலும் அது சேரும். சுற்றுலா போன இடத்தில் அடுப்புக்கு வலை கிடைக்கவில்லை என்றால், இந்த இரண்டையும் விடப் பச்சை மரக்குச்சியில் கோத்து வாட்டுவது எவ்வளவோ மேல்.

முதல் சூடும் ஒட்டாமையும்

புதிய கம்பித்தட்டில் தொழிற்சாலை எண்ணெயும் மெருகுத் தூளும் படிந்திருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து கழுவி, துடைத்து, உணவு வைக்காமல் ஒரு முறை கால் மணி நேரம் சூடாக்க வேண்டும். அப்போது கம்பி மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் அஞ்ச வேண்டியதில்லை. அதன் காரணம் பின்னர் கூறப்படுகிறது.

எவர்சில்வரின் மேல் இறைச்சி ஒட்டிக்கொள்வது அதன் மீது கூறப்படும் முதன்மையான குறை. ஈரமான புரதம், போதிய சூடில்லாத வெற்று உலோகத்தைத் தொடும்போது அதனுடன் பிணைந்துகொள்கிறது. கம்பியை 10 நிமிடமாவது நன்கு சூடாக்குவது, உணவின் மேற்பரப்பு ஈரத்தை ஒற்றியெடுப்பது, எண்ணெயைக் கம்பியில் ஊற்றாமல் உணவின் மேல் மெல்லிதாகத் தடவுவது ஆகிய மூன்றும் சேர்ந்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். சூடான கம்பியில் எண்ணெய் ஊற்றினால் அது புகைந்து பிசினாக ஒட்டும். கீழே சொட்டி நெருப்பை மேலெழுப்பும். இன்னொன்று பொறுமை. வைத்த உடனே புரட்ட முயன்றால் மீனின் தோல் கம்பியோடு போய்விடும். அடிப்பக்கம் நன்கு வெந்து சிவந்ததும் அதுவே பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். ஒட்டுவது குறைந்தால் தேய்க்கும் வேலையும் குறையும் என்பதால், தூய்மை செய்தல் உண்மையில் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

அன்றாடத் தூய்மை

சுட்டு முடித்தவுடன், கம்பி இன்னும் சூடாக இருக்கும்போதே தூய்மை செய்வது எளிது. மூடியுள்ள எரிவாயு அடுப்பாக இருந்தால், மூடியை மூடி 10 முதல் 15 நிமிடம் வரை முழுச் சூட்டில் வைத்தால் ஒட்டிய கொழுப்பும் மசாலாவும் கருகிப் பொடியாகும். அதற்கு மேல் எரிப்பதில் பயனில்லை, கம்பிக்கும் நல்லதன்று. பிறகு எரிவாயுவை நிறுத்தி, சற்றுச் சூடு தணிந்ததும் மரச் சுரண்டியால் சுரண்டலாம். புதிய மரச் சுரண்டியின் விளிம்பு சூடான கம்பியில் அழுத்த அழுத்தக் கரிந்து, நாளடைவில் அந்தத் தட்டின் கம்பி இடைவெளிக்கு ஏற்ற பற்களைத் தானே பெற்றுக்கொள்ளும். அலுமினியத் தாளைக் கசக்கிப் பந்தாக்கி, இடுக்கியால் பிடித்துத் தேய்ப்பதும் நன்றாக வேலை செய்யும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தித் தேய்க்கும் வழக்கமும் உண்டு. சூடான கம்பியில் வெங்காயச் சாறு ஆவியாகிக் கரியை இளக்கும். மணமும் நன்றாக இருக்கும். ஆனால் பல நாள் படிந்த கரிக்கு வெங்காயம் போதாது.

இறுதியில், நனைத்துப் பிழிந்த தடித்த துணியை இடுக்கியால் பிடித்துக் கம்பிகளை ஒரு முறை துடைத்துவிட வேண்டும். கரித்தூளையும் உப்பையும் எடுப்பது இந்தத் துடைப்பே. மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் இதைத் தவிர்க்கக் கூடாது. தீத்தடுப்பு நோக்கிலும் இது முதன்மையானது. வீட்டு கிரில் அடுப்புத் தீவிபத்துகளுக்கு அடுப்பைத் தூய்மை செய்யாமல் விடுவது ஒரு முதன்மைக் காரணம் என்று அமெரிக்காவின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் கூறுகிறது. கம்பியிலும் கீழ்த் தட்டிலும் தேங்கிய கொழுப்பே அங்கே எரிபொருளாகிறது.

கம்பி பிரஷ்ஷின் ஆபத்து

கிரில் அடுப்புடன் பல கடைகளில் சேர்த்தே விற்கப்படுவது, மெல்லிய உலோக இழைகள் பதித்த கம்பி பிரஷ். நன்றாகத் தேய்க்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பழசாகப் பழசாக அதன் இழைகள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. உதிர்ந்த இழை கம்பித்தட்டின் பிசுக்கில் ஒட்டிக்கொள்ளும். அடுத்து வைக்கும் இறைச்சித் துண்டில் பதியும். ஒரு செ.மீ. அளவுள்ள, முடி போன்ற அந்த இழை கருகிய மசாலாவுக்கு நடுவே கண்ணுக்குப் படாது. மென்று விழுங்கும்போது அது நாக்கிலோ தொண்டையிலோ குத்தும், அல்லது வயிற்றுக்குள் சென்று குடலைத் துளைக்கும்.

இது அரிதான ஆபத்துத்தான், ஆனால் கற்பனையன்று. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையங்கள் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, ரோட் தீவு மாநிலத்தின் பிராவிடன்சு நகரில் 2011 மார்ச்சுக்கும் 2012 சூனுக்கும் இடையே இப்படிப் பாதிக்கப்பட்ட ஆறு பேரைப் பதிவு செய்தது. அவர்களின் பாதிப்புகள், விழுங்கும்போது ஏற்படும் கடும் தொண்டை வலி முதல், குடல் துளைபட்டு உடனடி அறுவை மருத்துவம் தேவைப்பட்டது வரை இருந்தன. 2016இல் வெளியான மற்றோர் ஆய்வு, 2002 முதல் 2014 வரை அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு இந்தக் காரணத்தால் வந்தோர் சுமார் 1,700 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. வாய், தொண்டைக் காயங்களே அவற்றில் மிகுதி.

சிக்கல் என்னவென்றால், பாதிக்கப்பட்டவருக்கு மீன்முள் குத்தியது போலத்தான் தோன்றும். சோற்று உருண்டையை விழுங்கினால் சரியாகிவிடும் என்ற நம் வீட்டு வைத்தியம் இங்கே இழையை இன்னும் ஆழத்துக்குத் தள்ளக்கூடும். கிரில் உணவு சாப்பிட்ட பின் தொண்டையில் குத்தலோ, கடும் வயிற்று வலியோ வந்தால், கம்பி பிரஷ் பயன்படுத்தியதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு தகவல் இருந்தால் எக்ஸ்-கதிர் அல்லது சி.டி. படத்தில் எதைத் தேடுவது என்று அவருக்குத் தெரியும்.

மரச் சுரண்டி, அலுமினியப் பந்து, இழையற்ற உலோகச் சுரண்டி ஆகியவை இருக்கும்போது கம்பி பிரஷ்ஷுக்கு வீட்டில் தேவை இல்லை. விடமுடியாதவர்கள் பிரஷ்ஷை அடிக்கடி மாற்றி, ஒவ்வொரு முறையும் தேய்த்த பின் ஈரத் துணியால் கம்பிகளை முழுமையாகத் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகே உணவை வைக்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் சுருள் கம்பி நாரிலிருந்தும் துணுக்குகள் உடையும் என்பதால் அதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நைலான் பிரஷ் பாதுகாப்பானது, ஆனால் ஆறிய கம்பிக்கு மட்டும். சூட்டில் அது உருகி ஒட்டும்.

ஊறவைத்துக் கழுவுதல்

பருவத்தில் ஓரிரு முறை தட்டை வெளியே எடுத்து முழுமையாகக் கழுவ வேண்டும். அகலமான தொட்டியில் வெந்நீர், பாத்திரம் கழுவும் திரவம், அரைக் கோப்பை சமையல் சோடா ஆகியவற்றைக் கலந்து சில மணி நேரம் ஊறவைத்தால் பெரும்பாலான கரி இளகிவிடும். எஞ்சிய இடங்களில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசி, தேங்காய் நாரால் கம்பியின் நீளவாக்கில் தேய்க்கலாம். கரி அடுப்பு வைத்திருப்போரிடம் இன்னொரு பழைய பொருளும் இருக்கிறது: சலித்த விறகுச் சாம்பல். அதிலுள்ள காரம் கொழுப்பை அறுக்கும். நம் பாட்டிமார் பாத்திரம் துலக்கியதும் அதனால்தான். சாம்பலிலும் சிறிது உப்பு இருப்பதால் பிறகு நிறைய நீர் விட்டு அலச வேண்டும்.

கடைகளில் விற்கும் அடுப்புத் தூய்மை திரவங்களில் பெரும்பாலும் சோடியம் ஐதராக்சைடு உள்ளது. எவர்சில்வரை அது கெடுக்காது. ஆனால் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும், அலுமினியப் பாகங்களை அரிக்கும். தட்டை அடுப்பிலிருந்து எடுத்த பிறகு, கையுறை போட்டு, திறந்த வெளியில் மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

எவர்சில்வருக்கு ஆகாதவை வேறு. பிளீச்சிங் பவுடரும் பிளீச் திரவமும் குளோரின் சேர்ந்தவை. கழிவறைக்கான அமிலங்களில் பல ஐதரோகுளோரிக் அமிலத்தால் ஆனவை. இரண்டும் பாதுகாப்புப் படலத்தை நேரடியாகத் தாக்கும். பளிச்சென்று ஆகட்டும் என்று ஓர் இரவு பிளீச்சில் ஊறவைத்த தட்டு, மறு வாரம் புள்ளி புள்ளியாகத் துருவேறி நிற்கும். பிளீச்சுடன் வினிகரையோ வேறு அமிலத்தையோ கலப்பது அதைவிடக் கொடியது. நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு வெளிவரும். சாதாரண இரும்பு நாரும் கூடாது. அதிலிருந்து உதிரும் நுண்ணிய இரும்புத் துகள்கள் கம்பியில் பதிந்து துருப்பிடிக்கும். பார்ப்பவர் எவர்சில்வரே துருப்பிடித்ததாக நினைப்பார். கடைக்காரரோடு சண்டையும் நடக்கும்.

கழுவிய தட்டைத் தானாக உலரட்டும் என்று விடாமல் துடைத்து, சில நிமிடம் அடுப்பில் சூடாக்கி ஈரத்தைப் போக்குவது நல்லது.

நிறமாற்றமும் துருவும்

சூடேறிய எவர்சில்வர் சுமார் 300 பாகையிலிருந்து வைக்கோல் மஞ்சளாகவும், இன்னும் ஏறினால் பழுப்பு, ஊதா, நீலமாகவும் மாறும். ஆக்சைடுப் படலம் சூட்டில் தடிப்பதால் ஒளி அதில் வேறு வேறாகப் பிரதிபலிப்பதே காரணம். நீர்மேல் மிதக்கும் எண்ணெயில் தெரியும் வண்ணங்களும் இதே வகை. இது அழுக்குமன்று, துருவுமன்று. வினிகரால் துடைத்தால் ஓரளவு மங்கும். அடுத்த முறை சுடும்போது திரும்ப வரும். பளபளப்பை மீட்க வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் உரசுவது நேரத்தையும் உலோகத்தையும் வீணாக்குவதாகும்.

கம்பி அடிக்கடி செந்நிறமாகக் கனியும் அளவுக்குச் சூடாவது வேறு கதை. 450 முதல் 850 பாகை வரையிலான வெப்பத்தில் நெடுநேரம் இருந்தால், 304 எஃகிலுள்ள கார்பன் குரோமியத்துடன் சேர்ந்து படிக எல்லைகளில் ஒதுங்கும். அங்கெல்லாம் குரோமியம் குறைந்துபோவதால் அந்த எல்லைகள் வழியாக அரிப்பு ஓடும். கரித்துண்டுகள் கம்பியைத் தொடும்படி குவிக்காமல், நடுவே சில அங்குல இடைவெளி விடுவது இதைத் தடுக்கும். தட்டு முழுவதையும் அலுமினியத் தாளால் மூடிச் சூடாக்குவதும் தவறு. காற்றோட்டம் அடைபட்டுக் கீழே வெப்பம் தேங்கி, கம்பியோடு எரிவாயு அடுப்பின் மற்றப் பாகங்களும் கெடும்.

செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றினால் முதலில் விரல் நகத்தால் தடவிப் பார்க்கலாம். வழவழப்பாக இருந்தால் அது மேலோட்டமான துரு. வேறு இரும்பிலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம். எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் அமிலக் கரைசல் அல்லது ஆக்சாலிக் அமிலம் சேர்ந்த பாத்திரத் தூளைச் சிறிது நேரம் பூசி, மென்மையாகத் தேய்த்து, நன்றாக அலசினால் போய்விடும். ஆக்சாலிக் அமிலம் உண்ணத் தகாதது என்பதால் அலசுவதில் சிக்கனம் கூடாது. நகம் குழியில் இடறினால் அரிப்பு உள்ளே இறங்கிவிட்டது என்று பொருள். ஒன்றிரண்டு குழிகள் உள்ள தடித்த கம்பியைச் சுத்தமாகவும் உலர்வாகவும் வைத்து மேலும் பல காலம் ஓட்டலாம். பற்றவைப்பு விட்டுக் கம்பி ஆடினாலும், மேற்பரப்பு செதில் செதிலாக உரிந்தாலும், முலாம் பூசிய தட்டில் முலாம் பெயர்ந்தாலும் தட்டை மாற்றிவிட வேண்டும். ஒரே ஒரு பற்றவைப்பு மட்டும் விட்டிருந்தால், எவர்சில்வர் வேலை தெரிந்த பட்டறையில் அதே தரக் கம்பியை இட்டுப் பற்றவைக்கச் சொல்லலாம். சாதாரண இரும்புக் கம்பியை இட்டு ஒட்டினால் அந்த ஒட்டு முதல் மழையிலேயே துருவேறும்.